கீழே சொட்டும் பச்சை நீர்

சித்திரை, வைகாசி மாதங்களில் வத்தலக்குண்டைக் கடந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறுகிறவர்கள், பானட்டைத் தூக்கி நிறுத்திய பழைய கார் ஒன்றையும், அதைச் சுற்றித் தண்ணீர்ப் பாட்டில்களோடு கலங்கி நிற்கும் குடும்பத்தையும் எங்காவது ஒரு வளைவில் காணாமல் மேலே போவது அரிது. சென்ற மாதம் நான் கண்ட காரில், குடும்பத் தலைவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார், ஓடிச்சென்று தடுத்தேன். தடுக்க ஆளில்லாத இடங்களில் முகமும் கையும் வெந்து போனவர்களை அறிவேன் என்பதால், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: சூடேறிய யந்திரத்தின் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

அந்த மூடி வெறும் மூடியன்று. உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவுக்கு அதிக அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதும், அதனால் 100 டிகிரியைத் தாண்டியும், யந்திரத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கச் செய்வதும் அதுவேயாகையால், திறந்த அந்தக் கணமே அழுத்தம் நீங்கி, திரவம் சட்டென்று கொதித்து, ஆவியும் வெந்நீருமாய்ச் சீறிப் பாய்கிறது. டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பத்திரமான ஓரம் பார்த்து நிறுத்தி, யந்திரத்தை அணைத்துவிடுங்கள். அரைமணிக்கும் மேலாக, கை வைக்கும்படி ஆறும்வரை காத்திருங்கள். கொதிக்கிற யந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும். ஏறிய முள் தானாக இறங்கிவிட்டதென்று மகிழ்ந்து மேலே ஓட்டவும் வேண்டாம்; கூலன்ட் அறவே வற்றிப் போய், உஷ்ணத்தை அளக்கும் சென்சார் வெற்றாவியில் நிற்கும்போதும் முள் இறங்குவதுண்டு. தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.

இந்த விபத்துகளில் பெரும்பாலானவை முன்னறிவிப்போடுதான் வருகின்றன. காருக்கடியில் சொட்டுவதைக் கவனியுங்கள்: ஏசியிலிருந்து சொட்டுவது நிறமற்ற வெறும் நீர்; பச்சையாகவோ சிவப்பாகவோ, விரலில் வழுவழுப்பாக, சற்றே இனித்த வாசனையோடு தரையில் தேங்குவது கூலன்ட். ஹோஸ் பிளவு, வாட்டர் பம்ப் சீல் தேய்வு, ரேடியேட்டர் அரிப்பு என்று காரணம் எதுவாயினும், இந்தக் கட்டத்தில் செலவு சிறிது. ஆனால் நம்மவர்களோ மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி, உள்ளே துருவையும் உப்பையும் வளர்த்து, கடைசியில் ஹெட் கேஸ்கட் போய், ஆயில் பால்கலந்த காப்பியின் நிறமாக மாறிய பிறகே பட்டறைக்குப் போகிறார்கள். அந்த நஷ்டத்தை இன்ஷூரன்ஸ் ஏற்குமென்று நம்புவதும் வீண். யந்திரக் கோளாறும் தேய்மானமும் வழக்கமான மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்டவை. (வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்காதீர்கள், அது விஷம், அதன் இனிப்புக்கு நாய்களும் குழந்தைகளும் ஏமாறக்கூடும்.)

இனிப் பட்டறைக்கு வருவோம். மக்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். 'பில் வேண்டாமென்றால் குறைத்துக்கொள்கிறேன்' என்ற ஒரு வார்த்தைக்கு மயங்கித் தம் ஒரே சாட்சியத்தை இழந்துவிட்டு, மறு வாரமே கார் மீண்டும் கொதிக்கும்போது என்னிடம் வந்து நிற்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு. காரை விடும்போதே, 'கூலன்ட் குறைகிறது, யந்திரம் சூடேறுகிறது' என்ற உங்கள் புகாரும் கிலோமீட்டர் அளவும் ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும்; பிரஷர் டெஸ்ட் செய்து கசிவு எங்கே என்று கண்டதையும் எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் பெறுங்கள். கழற்றிய பழைய பம்பையும் கேஸ்கட்டையும் கேட்டு வாங்கிப் பையில் கட்டி வையுங்கள். பில் வாங்குங்கள், பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பழுது திரும்பினால், வேறொரு மெக்கானிக் யந்திரத்தைப் பிரிப்பதற்கு முன்பே அவருடைய அபிப்பிராயத்தை எழுத்தில் பெற்று, புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் போட்டபின் யாருடைய பிழையென்று நிரூபிப்பது மிகக் கடினம்.

பட்டறைக்காரருக்கு ஒப்புகை பெறும் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டும் பயனில்லையானால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். பட்டறை எந்த ஊரிலிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை; ஆனாலும், 'வக்கீலில்லாமல் வந்தீர்களா?' என்று ஓர் அலுவலகத்தில் முதியவர் ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்தவன் நான். சட்டம் தெளிவாக அனுமதித்ததை ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்தவர் மறுப்பதா? அப்படிச் சொன்னால், மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். மனுவோடு பிரமாணப் பத்திரம், ஜாப் கார்டு, பில், பணம் செலுத்திய சான்று, கடிதமும் ஒப்புகையும், இரண்டாம் மெக்கானிக்கின் குறிப்பு ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள்; மூலங்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கெடு, குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். 'பார்த்துச் செய்கிறேன்' என்று பட்டறைக்காரர் சொல்லும் நாட்களும் அந்த 2 ஆண்டுகளுக்குள்ளேயே கழிகின்றன.