கடத்தநாட்டுக் களரியும் அதன் ஆசிரியர் மரபும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாணவர் சிலர் மாலை வேளைகளிற் கராத்தே பயிலக் காண்கிறோம். ஜப்பானிய மொழியில் அப்பெயருக்கு ‘வெறுங்கை’ என்பது பொருள். நம் அண்டை நாடாகிய கேரளத்துக் களரிப்பயிற்றிலும் இறுதிப் படிக்கு வெறுங்கை என்பதே பெயர். உடலைப் பண்படுத்தும் மெய்த்தாரி, கழி கொண்டு பயிலும் கோல்தாரி, வாளும் கேடயமும் ஏந்தும் அங்கத்தாரி என்னும் மூன்றையும் கடந்தவர்க்கே அது கற்பிக்கப்படும். படைக்கலம் ஏந்தக் கற்றபின் அஃதின்றி நிற்கக் கற்பதே அவ்வித்தையின் முடிவு. அத்தகைய களரி ஒன்றன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

கடத்தநாட்டு வடகரையைச் சேர்ந்த இராகவன் என்பார் இளமையிற் களரி பயில விரும்பினார். தீயர் குலத்தவர் என்னுங் காரணத்தால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வடக்கன் பாட்டுக்கள் போற்றும் ஆரோமல் சேகவரும், சுருள்வாள் சுழற்றிய உண்ணியார்ச்சையும் அக்குலத்தவரே. முன்னோரின் வீரத்தைப் பாட்டிற் புகழ்ந்துகொண்டே, அவர் குலத்திற் பிறந்தவரை வாயிலில் நிறுத்திய கொடுமையை என்னென்பது! இராகவனார் அதற்களித்த விடை ஒன்றே. 1949-ஆம் ஆண்டில், சாதி மத பேதமின்றி யாவரும் பயிலத்தக்க கடத்தநாடன் களரிச் சங்கத்தை அவர் நிறுவினார். வடகரை அக்காலத்தில் நம் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

களரி என்பது நிலத்தைத் தோண்டி அமைக்கும் பயிற்சிக்கூடம். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொள்வது மரபு. ஆசிரியர் வாய்த்தாரி என்னும் கட்டளைச் சொற்களை உரக்கச் சொல்ல, மாணாக்கர் அச்சொல்லுக்கேற்ப அடியெடுத்து வைப்பர். ஏட்டினின்றும் அன்றி, வாயினின்று செவிக்கும் செவியினின்று மெய்க்கும் செல்வது இவ்வித்தை. எனவே ஓர் ஆசிரியரேனும் கற்பியாது மாண்டால், அவரளவில் மரபு அறுந்துபோம்.

அவ்விழை அறாதபடி காத்தவர் மீனாட்சியம்மையார். நடனம் பயின்ற சிறுமியாய், ஏழு வயதில் அவர் இராகவனாரிடம் களரி கற்கத் தொடங்கினார். பருவம் எய்தியதும் பெண்கள் பயிற்சியைக் கைவிடுவது வழக்கம், அவரோ விட்டாரில்லை. பின்னர்த் தம் ஆசிரியரையே மணந்து, உடனிருந்து கற்பித்தார். கணவர் மறைந்தபின் குருக்களின் பொறுப்பைத் தாமே ஏற்றார். அக்களரியிற் கட்டணம் விதிப்பதில்லை. மாணாக்கர் தம்மாலியன்ற தக்ஷிணையை அளிப்பர். எழுபதைக் கடந்த வயதிலும் வாளேந்திக் கற்பித்த அவருக்கு 2017-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. அவர்தம் மகனாரும் ஆசானாய் அம்மரபைத் தொடர்ந்தார்.

குருபரம்பரை என்றதும் குலவழியை நினைப்பது நம் இயல்பு. இப்பரம்பரையோ மறுக்கப்பட்ட ஒருவரிடத்தே தோன்றி, விலகியிருக்கவேண்டியவர் எனப்பட்ட ஒரு பெண்ணால் நிலைபெற்றது. தகுதியுடையார் சிலர்க்கே உரியதென்று வித்தையைப் பூட்டிவைத்தோர் அதனைக் காத்தவராகார். கதவைத் திறந்தவரே காத்தவர். கல்லூரிப் படிகளில் நாள்தோறும் ஏறியிறங்கும் நாம், நமக்காக அக்கதவைத் திறந்தவர் யாரென்றும், நாம் யாருக்குத் திறப்போமென்றும் எண்ணுதல் தகும்.