நார்வே மலையிலிருந்து அமெரிக்கப் புல்வெளிக்கு: ஒரு குடியானவக் குடும்பத்தின் நான்கு தலைமுறைகள்

நிலத்தைப் பெறுவது வேறு. பெற்ற நிலத்தில் நிலைத்து நிற்பது வேறு. முன்னது ஒரே நாளில் ஒரு பத்திரத்தினால் முடிந்துவிடக்கூடும். பின்னதற்குச் சில சமயம் ஒரு தலைமுறைக் காலமும் போதாது. நார்வே தேசத்தில் பிழைக்க வழியின்றி 1854ஆம் வருஷத்தில் அமெரிக்கா சென்ற ஒரு குடும்பத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அக்குடும்பத்தின் நான்காம் தலைமுறையில் தோன்றிய ஒருவரது உழைப்பின் பயன் இந்திய மக்களின் உணவுக் கலத்துக்கும் வந்து சேர்ந்தமையால், அவ்வரலாறு நம் குடியானவர்களும் அறிந்திருக்கத் தக்கதாகும்.

பிறந்த மண்

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள நார்வே, மலையும் பாறையும் மிகுந்த தேசம். அதன் பரப்பில் பயிரிடத்தக்க நிலம் நூற்றுக்குச் சுமார் 3 பங்கே. மலைகளுக்கிடையே கடல்நீர் வெகுதூரம் உட்புகுந்து நீண்ட கழிகளாய் நிற்கும். அவற்றுள் மிக நீண்டதாகிய சோக்னே கழி 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுடையது. அக்கழியின் தென்கரையில், வீக் என்னும் வட்டத்தைச் சேர்ந்த ஃபேயோஸ் என்ற சிற்றூரே ஓலே ஓல்சன், சோல்வெய்க் என்னும் தம்பதிகளின் சொந்த ஊர்.

அப்பிரதேசத்தில் மலைச்சரிவுக்கும் நீருக்கும் இடையே ஒடுங்கிய துண்டு நிலங்களில் பார்லியும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர். கோடையில் மாடுகளையும் ஆடுகளையும் மலைமேலுள்ள மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வர். நீண்ட குளிர்காலத்துக்குப் புல் போதாமையால், மரத்தழைகளை வெட்டி உலர்த்திச் சேமித்து மாடுகளுக்கு இடுவதும் உண்டு.

நிலம் பெருகவில்லை, ஜனத்தொகை பெருகிற்று. 1801ஆம் வருஷத்தில் 8 லட்சத்து 83 ஆயிரமாக இருந்த நார்வேயின் ஜனத்தொகை, 1865இல் ஏறக்குறைய 17 லட்சமாயிற்று. வழக்கப்படி பண்ணை மூத்த மகனுக்கே முதல் உரிமையாகும். இளையவர்களுள் பலர், பெரிய பண்ணையாரிடம் சிறு துண்டு நிலம் வாங்கி, அதற்கு வாடகையாக அவருடைய வயல்களில் வேலை செய்து காலங்கழித்தனர். 1840க்குப் பின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியதால் ஏழைகளின் உணவிலும் குறைவு ஏற்பட்டது.

கடற்பிரயாணம்

நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் கூட்டமாகக் குடிபெயர்ந்தோருள் முதல் கூட்டத்தார் 1825ஆம் வருஷத்தில் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டரேஷன்' என்னும் சிறு பாய்க்கப்பலில் புறப்பட்டனர். ஏறியவர் 52 பேர். வழியில் ஒரு குழந்தை பிறந்தமையால் நியூயார்க்கில் இறங்கியவர் 53 பேர். அதன்பின் நூறு வருஷ காலத்தில் 8 லட்சம் நார்வே மக்கள் வட அமெரிக்காவுக்குச் சென்றனர். சிறிய தேசமொன்றுக்கு இது பெருந்தொகையாகும்.

ஓலேயும் சோல்வெய்க்கும் 1854இல் புறப்பட்டனர். அக்காலத்தில் பெரும்பாலான நார்வே கப்பல்கள் கனடாவிலுள்ள கியூபெக் துறைமுகத்திற்கே சென்றன. பிரயாணம் பல வாரங்கள் நீடிக்கும். உணவைப் பிரயாணிகளே கொண்டுசெல்ல வேண்டும். நெடுநாள் கெடாத மெல்லிய தட்டை ரொட்டி, உலர்த்திய இறைச்சி, பாலாடைக்கட்டி ஆகியவற்றை மரப்பெட்டிகளில் அடைத்துச் சென்றனர். நெருக்கமான கப்பல் தட்டுகளில் காய்ச்சலும் வாந்திபேதியும் பரவி, கரை காணாமலே இறந்தவர்கள் பலர். கியூபெக்கில் இறங்கியோர் ஆற்று வழியாகவும் பேரேரிகளின் வழியாகவும் மேற்கே சென்று விஸ்கான்ஸின் மாகாணத்தை அடைந்தனர். இத்தம்பதிகளும் அங்கே டேன் என்னுமிடத்தில் தங்கினர். பிற்காலத்தில் அக்குடும்பம் ஐயோவா மாகாணத்தின் வடகிழக்கில், கிரெஸ்கோ என்னும் ஊருக்கு அருகேயுள்ள சவுதே என்ற நார்வேக் குடியேற்றத்திற்குச் சென்று நிலைத்தது. போர்லாக் என்பது அக்குடும்பத்தின் பெயராய் நிலைபெற்றது.

அந்நிலம் யாருக்கும் உரிமையற்ற வெறுந்தரிசாக இருந்ததென்று எண்ணுவது தவறாகும். பல்வேறு பூர்வ குடிகள் அங்கே வேட்டையாடியும் மக்காச்சோளம் பயிரிட்டும் வாழ்ந்தனர். ஐயோவாவின் வடகிழக்குப் பகுதியில் வைக்கப்பட்டிருந்த ஹோ-சங்க் மக்களை 1848ஆம் வருஷத்தில் அமெரிக்க சர்க்கார் வடக்கே மின்னசோட்டாவுக்கு அகற்றினர். நார்வேக் குடியானவனுக்குக் கிட்டிய நிலம் மற்றொரு குடியானவன் இழந்த நிலமென்பதை இவ்வரலாற்றில் மறைத்தலாகாது.

அளவையும் பட்டாவும்

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்க விஷயமொன்று உண்டு. அமெரிக்காவில் 1785ஆம் வருஷச் சட்டப்படி, குடிகள் வருவதற்கு முன்னரே நிலத்தை அளக்கும் முறை ஏற்பட்டது. ஒவ்வொரு பக்கமும் 6 மைல் உள்ள சதுரம் ஒரு வட்டம். அது 36 பிரிவுகளாகும். பிரிவொன்றுக்கு 640 ஏக்கர். அதில் கால் பங்காகிய 160 ஏக்கரே ஒரு குடும்பத்துக்குரிய பண்ணையென்று கருதப்பட்டது. ஒவ்வொரு வட்டத்திலும் 16ஆம் பிரிவு பள்ளிக்கூடங்களின் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டது.

1841ஆம் வருஷத்துச் சட்டப்படி, நிலத்தில் முன்னரே குடியேறித் திருத்தியவர், ஏக்கர் 1¼ டாலர் விலையில் 160 ஏக்கர் வரை வாங்கலாம். பின்னர் 1862ஆம் வருஷம் மே மாதம் 20ஆம் தேதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியிருப்பு நிலச் சட்டம், விலையின்றியே 160 ஏக்கர் வழங்கிற்று. 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர், ஆணாயினும் பெண்ணாயினும், மனுச் செய்யலாம். அந்நிய தேசத்தார் அமெரிக்கப் பிரஜையாக விரும்புவதாக அறிக்கை கொடுத்தாலே போதும். கட்டணங்கள் யாவும் சேர்ந்து சுமார் 18 டாலர். ஆனால் 5 வருஷம் அந்நிலத்திலேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிரிட்டு வந்ததை இரண்டு சாட்சிகளால் மெய்ப்பித்த பிறகே பட்டா கிடைக்கும். இச்சட்டத்தின்கீழ் முடிவில் 16 லட்சம் பேர் ஏறக்குறைய 27 கோடி ஏக்கருக்குப் பட்டாப் பெற்றனர். விஸ்கான்ஸினிலும் ஐயோவாவிலும் முதலில் தங்கிய நார்வேக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், இச்சட்டத்தை நம்பி மின்னசோட்டாவுக்கும் டகோட்டாவுக்கும் மேலும் மேற்கே நகர்ந்தனர்.

புல்வெளியைத் திருத்தியது

புல்வெளி மண் கறுத்து ஆழ்ந்த மண். ஆயினும் அதனை முதல் முறை உழுவது எளிதன்று. ஆளுயரம் வளரும் புல்லின் வேர்கள் பல அடி ஆழம் இறங்கிப் பின்னிக் கிடக்கும். வார்ப்பிரும்புக் கலப்பையில் அம்மண் ஒட்டிக்கொள்ளும். ஜான் டீயர் என்னும் கருமான் 1837ஆம் வருஷத்தில் இல்லினாய் மாகாணத்தில் வழவழப்பான எஃகுக் கொழு அமைத்த பின்னரே மண் ஒட்டாமல் உழ முடிந்தது. பெரிய கலப்பையில் பல ஜோடி எருதுகளைப் பூட்டி, வசந்தத்தின் இறுதியில் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கே புல்தரையைப் புரட்டிவிடுவர். வேர் மக்கிய பின் மறு உழவு. முதல் வருஷத்தில், புரட்டிய கட்டிகளைக் கோடரியால் பிளந்து மக்காச்சோள விதையை ஊன்றுவதும் உண்டு.

மரம் இல்லாத மேற்குப் புல்வெளிகளில், புல்வேருடன் வெட்டியெடுத்த மண் கட்டிகளையே செங்கல்போல் அடுக்கி வீடு கட்டினர். விறகுக்குப் பதிலாக முறுக்கிய வைக்கோலையும் காட்டெருமைச் சாண வறட்டியையும் எரித்தனர். 1873 முதல் 1877 வரை வெட்டுக்கிளிப் படைகள் வயல்களை மொட்டையடித்தன. 1888ஆம் வருஷம் ஜனவரி 12ஆம் தேதி திடீரென வீசிய பனிப்புயலில், பள்ளியிலிருந்து வீடு திரும்பிய சிறுவர் சிறுமியர் உட்பட 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆடவர் கூலி வேலைக்குத் தூரதேசம் சென்ற மாதங்களில், பால் கறப்பதும் தோட்டம் காப்பதும் குழந்தைகளை வளர்ப்பதும் பெண்களாலேயே நடந்தன. குடியிருப்பு விடாமல் நின்று பட்டாவைப் பெற்றதில் அவர்களுடைய பங்கு பெரிது.

ஒரே பயிரின் கேடு

புதிய மண்ணில் முதற்பயிர் கோதுமை. உரமிடாமலே விளைந்தது, ரயில் வந்தபின் விற்பதும் எளிதாயிற்று. ஆதலால் விஸ்கான்ஸினிலும் வடகிழக்கு ஐயோவாவிலும் வருஷந்தோறும் கோதுமையின்மேல் கோதுமையே விதைத்தனர். 1870க்குப் பிற்பட்ட சில வருஷங்களில் இதன் தீமை வெளிப்பட்டது. மண் இளைத்தது, சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளும் துரு நோயும் பெருகின. கடன்பட்டவர்கள் நிலத்தை விற்று மேற்கே சென்றனர்.

நிலைத்து நின்றவர்கள் முறையை மாற்றினர். மக்காச்சோளம், ஓட்ஸ், குளோவர் முதலிய தீவனப் பயிர்களை மாற்றி மாற்றி விதைத்தனர். விளைந்ததை விற்காமல் மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் இட்டு, பாலையும் வெண்ணெயையும் விற்றனர். தொழு உரம் வயலுக்கே திரும்பிற்று. போர்லாக் குடும்பத்தின் பண்ணையும் இவ்வகையினதே. 106 ஏக்கரில் மக்காச்சோளமும் ஓட்ஸும் திமொத்தி என்னும் தீவனப் புல்லும் விளைந்தன. மாடு, பன்றி, கோழி வளர்ந்தன. எது தவறினும் மற்றொன்று கைகொடுத்தது.

பள்ளிக்கூடம்

இக்குடியேற்றங்களில் தேவாலயத்தோடு பள்ளியும் எழுந்தது. சவுதேக்கு அண்மையிலுள்ள டெகோராவில் விளங்கும் லூதர் கல்லூரி, 1861ஆம் வருஷத்தில் நார்வேக் குடியேறிகளால் தொடங்கப்பட்டதாகும். தமக்கே உணவு அரிதான காலத்தில் அவர்கள் கல்விக்குப் பொருளுதவினர்.

ஓலே, சோல்வெய்க் தம்பதிகளின் மக்களுள் ஒருவர் நெல்ஸ். அவருடைய மகன் ஹென்றி. ஹென்றிக்கும் கிளாராவுக்கும் 1914ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25ஆம் தேதி, பாட்டனாரின் பண்ணை வீட்டில் பிறந்தவர் நார்மன் போர்லாக். ஓராசிரியர் கற்பித்த ஓரறைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தார். 7ஆம் வயது முதல் 19ஆம் வயது வரை பண்ணை வேலையும் செய்தார். பிற்காலத்தில் வயிறு நிரம்பவேண்டுமாயின் இப்பொழுது அறிவை நிரப்பிக்கொள் என்னும் பொருள்படப் பாட்டனார் நெல்ஸ் பேரனுக்கு இடைவிடாது சொல்லிவந்தார். பேரன் 1933இல் மின்னசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்தார். நுழைவுப் பரீட்சையில் முதலில் தவறியும் முயற்சியை விடவில்லை. 1942இல் பயிர்நோய் நூலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

நான்காம் தலைமுறையின் பயன்

1944இல் மெக்ஸிகோ சென்ற போர்லாக், துரு நோயை எதிர்க்கும் கோதுமையைத் தேடினார். கோடையில் மலைநாட்டிலும் குளிர்காலத்தில் வடமேற்குச் சமவெளியிலுமாக வருஷத்துக்கு இருமுறை பயிரிட்டு, ஆராய்ச்சிக் காலத்தைப் பாதியாக்கினார். உயர்ந்து வளரும் கோதுமை, உரம் மிகுந்தால் கதிரின் பாரத்தால் சாய்ந்துவிடும். ஜப்பானிய 'நோரின் 10' என்னும் குட்டை இனத்தின் குணத்தைச் சேர்த்து, சாயாத குட்டைக் கோதுமை இனங்களை உண்டாக்கினார்.

1963இல் அவர் இந்தியா வந்து பார்வையிட்டார். அப்பொழுது நம் தேசம் வெளிநாட்டுக் கோதுமையை எதிர்பார்த்திருந்தது. கும்பகோணத்தில் பிறந்து கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் பயின்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சியை நடத்தினார். 1964 முதல் 1967 வரை மத்திய உணவு, விவசாய மந்திரியாயிருந்த சி. சுப்பிரமணியம், பலருடைய ஆட்சேபங்களைக் கடந்து 1966இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதை வருவிக்க வகை செய்தார். 1965இல் ஏறக்குறைய 1 கோடியே 23 லட்சம் டன்னாயிருந்த இந்தியக் கோதுமை விளைவு, 1970இல் 2 கோடி டன்னைத் தாண்டியது. அவ்வருஷமே போர்லாக் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். 2009ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 12ஆம் தேதி, 95ஆம் வயதில் காலமானார்.

ஆயினும் அவருடைய முன்னோர் கற்ற பழைய பாடம் பொய்யாகவில்லை. பஞ்சாபில் நெல்லும் கோதுமையுமே மாறி மாறிப் பயிராகும் வயல்களின் அடியில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. நல்ல விதையும், மண்ணையும் நீரையும் பேணாதவிடத்து நெடுநாள் காவாது.

முடிவாக, குடியானவர்கள் மனத்திற் கொள்ளத்தக்கவை மூன்று. வந்த நிலத்தை விட்டோடாமல் திருத்துதல்; ஒரே பயிரை நம்பாமல் கால்நடையோடு கூடிய கலப்பு விவசாயம் செய்தல்; குழந்தைகளின் படிப்பை வறுமையிலும் நிறுத்தாதிருத்தல். ஃபேயோஸ் கரையிலிருந்து மரப்பெட்டியோடு புறப்பட்ட தம்பதிகளுக்கு, தம் கொள்ளுப்பேரன் கோடிக்கணக்கானவர்களின் பசியைத் தீர்க்க உழைப்பான் என்பது தெரிந்திருக்க முடியாது. அவர்கள் செய்தது தம் நிலத்தையும் பிள்ளைகளையும் காத்ததே.