பாடல் புனைவோர்க்கு ஓர் இரவு

பாட்டைக் கேட்போர் பாடியவரை அறிவர், எழுதியவரை அறியார். இக்குறை எல்லா மொழிகட்கும் பொதுவெனினும் இஸ்லாமியத் தமிழ்ப் பாடல் உலகில் சற்று மிகுதியாகவே காணப்படுகிறது. இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரல் ஒலிக்காத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. ஆனால் அக்குரலுக்குச் சொல் தந்தோருள் புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் ஆகியோரின் பெயரையேனும் நம் மாணவருள் எத்தனை பேர் சொல்வர்? ஒலிநாடாக்கள் விற்ற காலத்தில் உறையின் நடுவே பாடகரின் படம் இருக்கும். இயற்றியவரின் பெயர் இருந்தால் ஓரத்தில் சிற்றெழுத்தில் இருக்கும். ஒலிநாடாவும் போயிற்று, கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இந்நாளில் அந்த ஓரமும் இல்லாது போயிற்று.

இவர்களாவது பதிவான பாடல்களை எழுதியோர். பதிவு பெறாதோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் பாட்டுக் கட்டுவோர் சிலர் இருக்கின்றனர். மீலாது விழாவுக்கும், மதரசா ஆண்டு விழாவுக்கும், திருமண வீட்டுக்கும் அவர்கள் எழுதித் தருகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாதுப் பாட்டுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். முதற்பரிசு பெற்ற சிறுவன் பாடிய பாட்டு நான் எந்த நூலிலும் காணாதது; எளிய சொல், இறுகிய எதுகை. எழுதியவர் யாரென வினவியபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய தையற்காரர் ஒருவரைச் சிறுவன் சுட்டினான். மேடையில் எவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்தவராகத் தோன்றவில்லை. எழுதிய தாள் எங்கே என்றதற்கு, "பிள்ளைக்கு மனப்பாடம் ஆனதும் தாள் எதற்குங்க?" என்றார். அத்தகையோரின் பாட்டு அவர்களோடும் அந்தச் சிறுவர்களின் நினைவோடும் முடிந்துவிடும். இதனைத் தடுக்க நம் கல்லூரியிலேயே மாதம் ஓர் இரவைப் பாடல் புனைவோர்க்கென ஒதுக்கலாம் என்பதும், அதனை எங்ஙனம் நடத்தலாம் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

புதிய நூலைக் கற்றோர் அவையில் அதனை இயற்றியவரே படித்துக் காட்டி, அவையோர் ஏற்ற பின்னரே உலகுக்கு அளிக்கும் அரங்கேற்றம் நமக்குப் பழைய வழக்கு. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையானதாகக் கருதப்படும் ஆயிரமசலா, வண்ணப் பரிமளப் புலவரால் இயற்றப்பெற்று 1572இல் மதுரையில் அரங்கேறியதாகக் கூறுவர். 5027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணத்தை உமறுப் புலவர் பாடுவதற்குப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணைநின்ற செய்தியை யாவரும் அறிவர். புலவர், புரவலர், அவை என்னும் மூன்றும் கூடியவிடத்தில்தான் நூல் பிறந்தது. ஆயினும் அரங்கேற்றம் பெருநூலுக்கு உரிய விழா. நான்கு கண்ணியில் ஒரு முனாஜாத்து எழுதிய இளைஞனுக்கு அவ்வளவு பெரிய அவை கூடாது, கூட வேண்டியதுமில்லை. அவனுக்குத் தேவை ஒரு சிற்றவை.

அச்சிற்றவைக்கு நல்ல முன்மாதிரி உருதுக் கவிஞர்களின் முஷாயிரா. வட ஆர்க்காட்டுப் பகுதியின் வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களில் உருது பயின்றோர் இதனை நன்கு அறிவர். யார் முறையோ அவர்முன் மெழுகுவத்தி நகர்ந்து வரும். அவர் சிலவேளை ஓதுவார், சிலவேளை இசையோடு பாடுவார். நல்ல அடி வந்தால் அவை மறுமுறை கேட்கும். ஓர் அடியை முன்கூட்டியே தந்து, அதன் யாப்பிலும் இயைபிலும் அனைவரும் எழுதி வரும் வகையும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தில்லியில் சூஃபிக் கவிஞர் குவாஜா மீர் தர்து இல்லத்தில் மாதந்தோறும் பதினைந்தாம் நாள் இத்தகைய கூட்டம் நிகழ்ந்ததென்றும், பின்னர் அது தம் இல்லத்துக்கு மாறிற்றென்றும் மீர் தகீ மீர் குறிக்கின்றார். இதில் நான் பெரிதும் மதிப்பது கவிஞர்களின் பெருமையை அன்று. 'மாதந்தோறும் பதினைந்தாம் நாள்' என்னும் அந்த ஒழுங்கை.

நம் கவியரங்கம் போதாதா எனச் சிலர் வினவலாம். கவியரங்கம் படிப்பதற்கு உரியது. பாட்டோ மெட்டில் ஏறிய பிறகே பாட்டாகும். தாளில் அழகாக இருந்த அடி பாடும்போது மூச்சுக்கு இடம் தராமல் திணறுவதும், தாளில் சாதாரணமாகத் தோன்றிய சொல் குரலில் ஏறியதும் ஒளிர்வதும் பாடிப் பார்த்தால்தான் விளங்கும்.

இப்பணியை இக்காலத்தில் செம்மையாகச் செய்துவரும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின் கடல் கடந்து அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள புளூபேர்ட் கஃபே என்னும் சிற்றுணவகத்தை 1982இல் ஆமி கர்லாண்டு என்னும் பெண்மணி தொடங்கினார். ஏறத்தாழ 90 பேரே அமரக்கூடிய இடம். புகழ்பெற்ற பாடகர்களைக் காட்டிலும், அவர்களுக்கு எழுதித் தரும் பாடலாசிரியர்களே அங்கு முதன்மை பெற்றனர். 1985இல் பாடலாசிரியர் நால்வர் மேடையை விட்டு, அறையின் நடுவே ஒருவரையொருவர் நோக்கி வட்டமாக அமர்ந்து முறைவைத்துப் பாடத் தொடங்கினர். அவையோர் அவர்களைச் சூழ்ந்திருந்தனர். அவ்வமர்முறையே இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. ஒருநாள் யாவரும் பெயர் கொடுத்துப் பாடலாம். மற்றொரு நாள் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டோர் மட்டும் பாடுவர். பாடும்போது பேசுவோரை வாயில் விரல் வைத்து அடக்குவது அவ்விடத்தின் பெயர்பெற்ற விதி. 2008 முதல் அது பாடலாசிரியர் சங்கம் ஒன்றின் பொறுப்பில் உள்ளது. அங்குள்ள பானங்கள் நமக்கு வேண்டா. வட்டமும் அமைதியும் போதும்.

இனி, நடத்தும் முறை. இடம் சிறிதாக இருத்தல் வேண்டும். திருமண மண்டபத்தில் நாற்பது பேர் அமர்ந்தால் கூட்டம் தோற்றதாகத் தெரியும். வகுப்பறையில் அதே நாற்பது பேர் அமர்ந்தால் நிறைந்ததாகத் தெரியும். இஷாத் தொழுகைக்குப் பின் தொடங்கி இரவு 10 மணிக்குள் முடித்தல் நன்று. திறந்த வெளியில் அதற்குமேல் ஒலிபெருக்கி வைப்பதை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடுக்கின்றன. விடுதி மாணவரும் உறங்க வேண்டுமல்லவா? எண்மர், ஒருவருக்கு இரு பாடல், பாடலுக்கு ஐந்து நிமிடம் எனக் கொண்டால் 80 நிமிடம் ஆகும். தலைமையுரைக்கு இதில் நேரமில்லை என்பதை முன்னரே அறிவித்துவிடுதல் நலம். சிறப்பு விருந்தினரும் பொன்னாடையும் இல்லாத ஒரு கூட்டத்தை நம் வட்டாரம் இன்னும் கண்டதில்லை. ஒருமுறை கண்டால் பிழையில்லை. பரிசும் வேண்டா. பரிசு என்றதும் கேட்போர் நடுவராகிவிடுவர்.

எழுதியவரே வட்டத்தில் அமர வேண்டும் என்பது விலக்கில்லாத விதியாதல் வேண்டும். குரல் வளம் இல்லாதவர் பிறரைக் கொண்டு பாடச் செய்யலாம். ஆனால் பாடுபவர் அருகில் அவர் இருக்க வேண்டும், பாடுமுன் சொற்களை அவரே ஒருமுறை படிக்கவும் வேண்டும்.

அடுத்து மெட்டு. இதுவே சிக்கல் மிகுந்த இடம். பழம்பாடல்களின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு எனக் குறிப்பது நம் அச்சு நூல்களில் இயல்பாகக் காணப்படும் வழக்கு. பிற்காலத்தில் இந்தி, தமிழ்த் திரைப்பட மெட்டுகளில் எண்ணற்ற சமயப் பாடல்கள் எழுந்தன. அவற்றை இழிவாகக் கருதுதல் தகாது. தெரிந்த மெட்டு இருந்ததால்தான் தெரியாத சொல் மக்களிடம் சென்றது. எனினும் புதுப்பாட்டு இரவில் இரவல் மெட்டில் வருவோர் அதன் மூலத்தைச் சொல்லிவிட்டுப் பாட வேண்டும். இருபாடலுள் ஒன்றேனும் சொந்த மெட்டில் அமைய வேண்டும். சட்டப்படியும் சொல்லுக்கு உரியவர் வேறு, மெட்டுக்கு உரியவர் வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுதிய பாட்டின் உரிமை எழுதியபோதே எழுதியவருக்கு உண்டாகிறது, பதிவு கட்டாயமன்று, அவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நிலைக்கும். 2012இன் திருத்தம், திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டின் உரிமைத்தொகையில் எழுதியவருக்குச் சமபங்கு உண்டு எனவும், அதனை அவர் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது எனவும் வகுத்துள்ளது. தாளைக் கிழித்தெறிந்த தையற்காரர் உரிமையற்றவர் அல்லர், சான்றற்றவர். ஆதலால் தடித்த அட்டையிட்ட பதிவேடு ஒன்று வேண்டும். பாட்டு, மெட்டு, இயற்றியவர் பெயர், பாடிய நாள் ஆகியன அதில் அன்றன்றே எழுதப்பட்டு, இயற்றியவர் கையொப்பம் பெறப்பட வேண்டும்.

இசைக்கருவி பற்றிப் பெரியோரிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நான் அறிவேன். அதனைத் தீர்ப்பது தமிழ்த்துறையின் வேலையன்று. வெறுங்குரலில் தொடங்கலாம். பக்கீர்மார் தாயிராவை முழக்கிப் பாடிய மரபு நம் தர்காக்களில் உண்டு. பெரியோர் ஒப்பினால் அதனைச் சேர்க்கலாம். கருவியின்றிப் பாடும்போது சொல்லின் குறை மறையாது என்பதொரு நன்மை.

பெண்களின் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், தென்காசி ரசூல் பீவி ஆகியோர் மெய்ஞ்ஞானப் பாடல்கள் புனைந்த பெண்மணிகள். தாலாட்டையும் மணவீட்டுப் பாட்டையும் இன்றும் காத்துவருவோர் பெண்களே. அவர்களுக்கெனத் தனி அமர்வைப் பேராசிரியைகள் பொறுப்பேற்றுப் பகலில் நடத்தலாம். அவையேற விரும்பாதோர் பாட்டை எழுதி அனுப்பினால், அவர் இசைந்தால் பெயரோடு, இல்லையேல் ஊர்ப் பெயரோடு பதிவேட்டில் சேர்க்கலாம். விலக்கில்லாத விதி என்றேனே, அதற்கு இஃதொன்றே விலக்கு.

முதல் மாதம் ஆறுபேர் வரலாம். மூன்றாம் மாதம் நால்வராகக் குறையலாம். அப்போது நாளை மாற்றுவதே பலரும் செய்வது. மாற்றினால் வழக்கமாக வருவோரும் குழம்புவர். கல்லூரிக்கு வேறோர் இடரும் உண்டு: ஏப்ரல், மே மாதங்களில் மாணவர் ஊருக்குச் சென்றுவிடுவர். அவ்விரு மாதங்களையும் ஊர்ப் பெரியோரும் உள்ளூர்ப் பாட்டுக்காரரும் ஏற்று, பள்ளிவாசலை அடுத்த மதரசாக் கூடத்திலோ யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ நடத்த இசைவார்களாயின் தொடர்ச்சி அறாது. ரமலானில் மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். தராவீஹுக்குப் பின் எவருக்கும் குரல் இராது.

ரபீஉல் அவ்வலில் மேடைகள் மிகுதி. எனவே அம்மாதம் கழிந்த பின் வரும் இரண்டாம் சனிக்கிழமையில் தொடங்கலாம் எனத் துறையில் பேசியிருக்கிறோம். விரிக்கப் பாயும், தேநீருக்கு ஓர் அண்டாவும் விடுதியில் உள்ளன. பதிவேடு மட்டும் வாங்க வேண்டும். அந்தத் தையற்காரருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. பழைய பாட்டுகளுள் நினைவிலிருப்பவற்றைப் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.