ஈயக் குண்டுக்கு ஏன் செம்புச் சட்டை?

ஈயம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது, மாணவர்களே? பாட்டி ரசம் வைக்கும் ஈயச் செம்பா? தாத்தா கதையில் வரும் ஈயலம்பமா? மீன்வலையின் அடியில் கோத்திருக்கும் ஈயக்குண்டா? திரைப்படத்தில் சீறிப் பாயும் துப்பாக்கிக் குண்டா?

நான்கையும் தமிழில் ஈயம் என்றே சொல்கிறோம். ஆனால் முதல் இரண்டும் ஓர் உலோகம், பின் இரண்டும் வேறோர் உலோகம். ரசச் செம்பும் ஈயலம்பமும் வெள்ளீயம். வலைக்குண்டும் துப்பாக்கிக் குண்டும் காரீயம். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது தேர்வுக்கு மட்டுமல்ல, உடல்நலத்துக்கும் தேவை.

பினாங்கு மாநிலத்தவருக்கு வெள்ளீயம் வீட்டு வாசலில் வளர்ந்த கதை. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலும் லாருட்டிலும் தோண்டிய ஈய மணல், உருக்குவதற்காக இங்கே வந்தது. பாகான் டாலாம் அமைந்திருக்கும் பட்டர்வொர்த் வட்டாரத்தில், ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1902-இல் ஓர் உருக்காலையைத் தொடங்கியது. கடலுக்கு அந்தப் பக்கம், ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் சாலையில் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் உருக்காலை இயங்கியது. உலகச் சந்தையில் மலாயா வெள்ளீயத்துக்குத் தனி மதிப்பு இருந்தது.

அந்த வெள்ளீயத்தின் பெரும்பகுதி எதற்குப் பயன்பட்டது தெரியுமா? வேறோர் உலோகத்துக்கு மேல் சட்டையாகப் போடுவதற்கு! சார்டின் டின் உண்மையில் இரும்புத் தகட்டால் ஆனது. துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு இருக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இப்படித்தான். புளி பித்தளையோடு வினைபுரியாமல் வெள்ளீயம் நடுவில் நின்று காக்கிறது. ஓர் உலோகத்தின் குறையை இன்னோர் உலோகம் மூடும் இந்த உத்தியே துப்பாக்கிக் குண்டின் வரலாற்றையும் மாற்றியது.

காரீயம் ஏன்?

நாம் தோட்டா என்று சொல்வதில் நான்கு பகுதிகள் உண்டு. வெளியே பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி எழுப்பும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுடும்போது பறந்து செல்வது குண்டு மட்டுமே. கூடு பின்தங்கிவிடும்.

அந்தக் குண்டுக்குக் காரீயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அதன் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை சுமார் 7.9 கிராம், செம்பு 9 கிராம். காரீயமோ 11.3 கிராம். கசக்கி உருட்டிய ஒரு காகிதப் பந்தையும் அதே அளவுள்ள ஒரு கல்லையும் வீசிப் பாருங்கள். காகிதம் சில அடிகளிலேயே விழுந்துவிடும், கல் தொலைவுக்குப் போகும். இரண்டையும் காற்று ஏறத்தாழ ஒரே அளவில்தான் தடுக்கிறது. ஆனால் நிறை கூடிய பொருளின் வேகத்தை அந்தத் தடையால் எளிதில் குறைக்க முடியாது. சிறிய அளவில் அதிக நிறை வேண்டும் என்றால், மலிவாகக் கிடைப்பது காரீயம்.

இரண்டாவது காரணம், அது 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். விறகு அடுப்பின் சூடே போதும். மூன்றாவது, அது மிக மென்மையானது. இந்த மென்மை முதலில் வரமாக இருந்தது, பிறகு அதுவே சிக்கலானது.

சுழலும் குண்டு

பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கும், சுழற்சி நின்றால் சாய்ந்துவிடும். பறக்கும் குண்டுக்கும் இதே விதிதான். நீளமான குண்டு சுழலாமல் போனால் காற்றில் குட்டிக்கரணம் போடும். அதனால் துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் திருகாணி போன்ற வரிப்பள்ளங்களை வெட்டினார்கள். மென்மையான காரீயம் அந்தப் பள்ளங்களில் அழுந்திப் பிடித்துக்கொண்டு, சுழன்றபடி வெளியேறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த துப்பாக்கிகளில் குண்டு வினாடிக்கு 2,000 முறைக்கு மேல் சுழன்றது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் கார் இயந்திரம்கூட வினாடிக்கு 100 முறைதான் சுழல்கிறது!

பழைய கரும்பொடி வெடிமருந்து குண்டை வினாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் தள்ளியது. அதுவரை காரீயம் தாக்குப்பிடித்தது. 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். இரண்டு ஆண்டுகளில் அதைப் பயன்படுத்தும் துப்பாக்கி பிரெஞ்சுப் படைக்கு வந்தது. குண்டின் வேகம் வினாடிக்கு 600 மீட்டரைத் தாண்டியது.

ஒரு சிறு கணக்கு போடுவோம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 400-இலிருந்து 600-ஆக, அதாவது ஒன்றரை மடங்காக உயர்ந்தால், அதே நிறையுள்ள குண்டின் ஆற்றல் 1.5 × 1.5 = 2.25 மடங்காகிவிடும். இந்த வேகத்தைக் காரீயத்தால் தாங்க முடியவில்லை. வரிப்பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு சுழல வேண்டிய குண்டு, அதன் மேற்பரப்பு உரிந்துபோய் வழுக்கிக்கொண்டு ஓடியது. உராய்வாலும், பின்னாலிருந்து தள்ளும் கொதிக்கும் வாயுவாலும் வழிக்கப்பட்ட காரீயம் குழலின் உட்சுவரில் அப்பிக்கொண்டது. அடுத்த குண்டு நேராகப் போகவில்லை.

வந்தது செம்புச் சட்டை

தீர்வைத் தந்தவர் சுவிட்சர்லாந்தின் இராணுவ அதிகாரி எடுவர்டு ரூபின். 1882-இல் அவர் காரீயக் குண்டுக்குச் செம்பு உறை போட்டார். செம்பு 1,085 டிகிரியில்தான் உருகும். காரீயத்தைவிடக் கடினமானது, ஆகவே பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும்போது உரியாது. அதேவேளையில் குழல் செய்யப் பயன்படும் எஃகைவிட மென்மையானது, ஆகவே குழலை விரைவில் தேய்த்துவிடாது. நடுவில் நிற்கும் இந்தக் குணம்தான் செம்பின் சிறப்பு. உள்ளே இருக்கும் காரீயம் நிறையைக் கொடுக்கிறது, வெளியே இருக்கும் செம்பு உறுதியைக் கொடுக்கிறது. ஒன்றால் முடியாததை இரண்டும் சேர்ந்து செய்கின்றன. பின்னாளில் தனிச் செம்புக்குப் பதிலாகச் செம்பும் நிக்கலும், செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவைகள் உறையாகின.

உறையால் வந்த சட்டம்

இந்த மெல்லிய உறை ஓர் அனைத்துலகச் சட்டத்துக்கே காரணமானது. அந்தக் கதை நடந்தது கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டமில். கொல்கத்தாவின் விமான நிலையம் இன்று அங்கேதான் இருக்கிறது.

முழுவதும் உறை போட்ட குண்டு உருமாறாமல் உடலைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, எதிரி விழுவதில்லை என்று வடமேற்கு எல்லையில் போரிட்ட பிரிட்டிஷ் படையினர் குறைசொன்னார்கள். 1890-களின் நடுப்பகுதியில் டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் குண்டின் முனையில் மட்டும் உறையை நீக்கி, காரீயம் வெளியே தெரியும்படி விட்டார். மோதியதும் முனை நசுங்கி விரியும், காயம் பெரிதாகும். ஊரின் பெயரே அந்தக் குண்டுக்கு நிலைத்துவிட்டது.

உலக நாடுகளில் கண்டனம் எழுந்தது. 1899-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய அமைதி மாநாடு, மனித உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. உட்கருவை முழுமையாக மூடாத உறையுள்ள குண்டு என்று அந்தப் பிரகடனமே எடுத்துக்காட்டுத் தருகிறது. முதலில் ஏற்க மறுத்த பிரிட்டன் 1907-இல் இணைந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான செம்புத் தகடு எங்கே முடிகிறது என்பதில் மனிதர்களின் துயரமும் ஒரு சட்டமும் அடங்கியிருந்தன.

வீட்டில் செய்யலாமா?

அமெரிக்கா போன்ற சில நாடுகளில், துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர் பயன்படுத்திய பித்தளைக் கூடுகளைச் சேகரித்து மீண்டும் நிரப்புவதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். சிலர் உறை போட்ட குண்டுகளைக்கூட வீட்டிலேயே அழுத்திச் செய்கிறார்கள். நம் நாட்டில் இது பொழுதுபோக்கல்ல. 1960-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம், செய்வதும் குற்றம். எங்காவது ஒரு தோட்டா கிடந்தால் தொடாமல், உடனே பெரியவர்களிடமோ காவல்துறையிடமோ சொல்லுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாத ஆபத்து ஒன்று உண்டு. அது காரீயத்திலேயே இருக்கிறது. பாகான் என்ற மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்று பொருள். கடலோரத்தில் வலையும் தூண்டிலும் இருக்கும் வீடுகளில் ஈயக்குண்டும் இருக்கும். பழைய ஈயத்தைச் சட்டியில் உருக்கி வலைக்குண்டு வார்ப்பதும், துப்பாக்கிக்குக் குண்டு வார்ப்பதும் உடலுக்குச் செய்யும் தீங்கில் ஒன்றுதான்.

உருகிய காரீயத்தின் மேலே மிதக்கும் கசடு, காற்றில் ஆக்சிஜனுடன் சேர்ந்து உண்டான நச்சுத்தூள். சூடு ஏற ஏற நச்சுப்புகையும் கூடும். தூள் கையில், சட்டையில், சமையல் மேடையில் படியும். கையிலிருந்து வாய்க்குப் போகும். நம் உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று தவறாக எண்ணி எலும்பில் சேமித்து வைக்கிறது. அது பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். சிறுவர்களின் மூளை வளர்ச்சியை, கற்கும் திறனைப் பாதிக்கும். பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல், வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரை ஒட்டிய தியாரோய் என்ற கடலோரப் பகுதியில், பழைய கார் பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்தார்கள். அதன் தூள் மண்ணிலும் வீடுகளிலும் கலந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள்.

பறவைகளும் தப்பவில்லை. நீரடியில் கிடக்கும் ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கிய அன்னங்கள் மடிந்ததால், பிரிட்டன் 1987-இல் தூண்டிலுக்கான சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தது. வேட்டைக்குக் காரீயத் தோட்டாவைப் பயன்படுத்துவதைக் கலிஃபோர்னியா மாநிலம் 2019 முதல் முழுமையாகத் தடைசெய்துள்ளது. அங்கே முழுவதும் செம்பாலான குண்டுகள் பயன்படுகின்றன. ஒருகாலத்தில் காரீயத்துக்குச் சட்டையாக இருந்த செம்பு, இன்று காரீயத்தின் இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

நினைவில் வையுங்கள்

வீட்டில் யாராவது ஈயத்தை உருக்க முனைந்தால், அது எந்த ஈயம் என்று முதலில் கேளுங்கள். காரீயம் என்றால், சமையலறையிலும் தம்பி தங்கை விளையாடும் இடத்திலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வலைக்குண்டைப் பல்லால் கடித்து நெரிக்காதீர்கள். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள். பழைய பேட்டரியை உடைக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். துப்பாக்கிக் குண்டுக்குச் செம்புச் சட்டை போட்டது குழலைக் காப்பாற்ற. காரீயத்திடமிருந்து உங்களைக் காப்பாற்ற அப்படி ஒரு சட்டை கிடையாது. கை கழுவும் பழக்கமும் விலகி நிற்கும் அறிவும்தான் உண்டு.