பத்து லட்சம் டாலர் புதிர்

விருத்தாசலத்து செராமிக் தொழிலாளி ஒருவரே சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டினாலும் தமிழக அரசு பத்து லட்சம் டாலர் தரும். 2025 ஜனவரியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்த பரிசு இது.

தபால்தலை அளவில் ஒரு மாக்கல் முத்திரை. அதில் ஒற்றைக் கொம்பு விலங்கு. அதன் தலைக்கு மேல் ஐந்தாறு குறிகள். பெரும்பாலான வாசகங்கள் இவ்வளவுதான். இருமொழிக் கல்வெட்டும் கிடைக்கவில்லை. அதனால் யாரும் எதையும் வாசித்துவிடலாம். தவறென்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

இந்த எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனுக்குப் பிழைப்பு ஐ.ஏ.எஸ். உத்தியோகம். 417 குறிகளையும் அவை வரும் இடங்களையும் அட்டவணையாக்கி 1977இல் நூலாக வெளியிட்டார். பிறகு வந்த பல கணினி ஆய்வுகளுக்கும் அதுதான் அஸ்திவாரம்.

பெங்களூரு மென்பொருள் பொறியாளர் பஹதா அன்சுமாலி முகோபாத்யாயும் 2019 முதல் இந்த எழுத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் எழுதிவருகிறார். அமெரிக்காவிலுள்ள கணினி அறிவியலாளர் ராஜேஷ் ராவுக்கோ, ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று வாராவாரம் மின்னஞ்சல்கள்!