ஐ7 என்று சொன்னால் போதுமா?

2024 ஜூன் மாதம் மதுரையிலிருந்து என் சித்தப்பா போன் செய்தார். மகள் பி.காம். சேர்ந்திருந்தாள். அவளுக்கு லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனவர், அங்கிருந்தே பேசினார்.

"ஐ7 லேப்டாப்பை 24 ஆயிரத்துக்குத் தர்றேங்கிறாங்கப்பா. புது ஐ3 33 ஆயிரமாம். ஐ7தானே பெருசு? ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

"மாடல் நம்பரை முழுசாப் படிங்க சித்தப்பா" என்றேன். ஐ7 என்று சொல்லப்பட்டது ஐ7-7500யூ. ஏதோ அலுவலகத்தில் உழைத்து முடித்ததைத் துடைத்துச் சரிசெய்து விற்கும் 'ரீஃபர்பிஷ்டு' லேப்டாப். ஐ3 என்றது ஐ3-1215யூ. "ஐ3-ஐயே வாங்குங்க" என்றேன். அவர் நம்பவில்லை. ஒன்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்துச் சின்ன எண்ணை வாங்கச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

பிராசசரைக் கம்ப்யூட்டரின் மூளை என்பார்கள். வாங்கும்போது அந்த உவமை அவ்வளவாக உதவாது. ஒரு ஹோட்டல் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மாஸ்டர்கள்தான் கோர்கள். ஒரு மாஸ்டர் இரண்டு அடுப்புகளை மாற்றி மாற்றிக் கவனிப்பதுபோல, ஒரு கோர் இரண்டு வேலைகளைப் பார்த்தால் இரண்டு த்ரெட் என்று கணக்கு. 2016-ல் வந்த ஐ7-7500யூ-வில் 2 கோர், 4 த்ரெட். 2022-ல் வந்த ஐ3-1215யூ-வில் 6 கோர், 8 த்ரெட். இந்த ஆறில் இரண்டு பெரிய மாஸ்டர்கள்; மற்ற நான்கும் குறைந்த மின்சாரத்தில் சில்லறை வேலைகளைப் பார்க்கும் உதவியாளர்கள். ஆன்லைன் வகுப்பு, பிரவுசரில் பத்து டேப், பின்னணியில் ஆன்ட்டி வைரஸ் என்று எல்லாம் ஒன்றாக ஓடும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆக ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவர் என்று காட்டும் பட்டங்கள் மட்டுமே. தலைமுறை மாறினால் பட்டத்துக்கு மதிப்பில்லை. அந்தத் தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. கோடு போட்டபின் வரும் எண்ணைப் பாருங்கள். அது 1-ல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும், வேறு எண்ணில் தொடங்கினால் முதல் இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 7500 என்றால் 7ஆம் தலைமுறை, 8250 என்றால் 8, 1215 என்றால் 12.

சித்தப்பா விஷயத்தில் இது வேகத்தோடு முடிகிற பிரச்னை இல்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் வைத்த நிபந்தனைப்படி, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 7ஆம் தலைமுறையில் விதிவிலக்கு பெற்ற சில பிராசசர்கள் உண்டு; 7500யூ அதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிவதாக முன்பே அறிவித்திருந்தார்கள். அப்படியே முடிந்தும் விட்டது. மூன்று வருடப் படிப்புக்கு வாங்கும் லேப்டாப், இரண்டாம் வருடத்திலேயே நிற்கதியாகியிருக்கும். பழைய லேப்டாப் வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள் என்கிறேன்.

கடைக்காரர் விடவில்லை. "ஐ7-ல 2.7 கிகாஹெர்ட்ஸ் சார், ஐ3-ல வெறும் 1.2-தான்" என்று திரையிலேயே காட்டியிருக்கிறார். இரண்டு எண்களும் உண்மைதான்! ஆனால் அவை அடிப்படை வேகங்கள். வேலை வரும்போது ஐ3-1215யூ 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை எழும்பும், ஐ7-7500யூ 3.5 வரைதான். தவிர, ஒரே துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் தலைமுறைக்குத் தலைமுறை கூடியிருக்கிறது. பெண்டியம் 4 பிராசசர் 2004-லேயே 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. அதற்காக இன்று யாராவது அதைத் தேடிப் போவார்களா?

ஏஎம்டி-யின் ரைசன் வாங்குகிறீர்களா? அங்கே வேறு பொறி இருக்கிறது. 2023 வரிசைக்கு அவர்கள் வைத்த எண்களில் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாம் இலக்கம். ரைசன் 5 7520யூ-வில் அது 2. அதாவது 2019-ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். ரைசன் 5 7530யூ-வில் ஜென் 3, 6 கோர். அட்டைப்பெட்டியில் இரண்டும் 'ரைசன் 5'தான். விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 7530யூ-வை எடுங்கள். 7520யூ-வில் இன்னொரு சிக்கலும் உண்டு: ராம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும். பிறகு கூட்ட முடியாது.

கடைசி எழுத்து, பிராசசர் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதைச் சொல்லும். யூ என்றால் பெரும்பாலும் 15 வாட், ஹெச் என்றால் 45 வாட். ஹெச் வேகமானது; சூடாகும், விசிறி சத்தம் போடும், அடாப்டரும் கனமாக இருக்கும். வீடியோ எடிட்டிங், விளையாட்டு, பெரிய இன்ஜினியரிங் சாப்ட்வேர் என்றால் அதை வாங்கலாம். கடிதம், கணக்கு, இன்டர்நெட், டேலி போதும் என்பவருக்கு யூ-வே போதுமானது. மிச்சமாகும் பணத்தில் ராமை 16 ஜிபி ஆக்குங்கள். ஐ7-ஐ வாங்கி 8 ஜிபி ராமோடு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

இன்டெல் 2023 இறுதியில் 'ஐ' எழுத்தையே விடத் தொடங்கியது. கோர் அல்ட்ரா 5 என்பது புதிய வடிவமைப்பு. அல்ட்ரா இல்லாமல் வெறும் 'கோர் 5 120யூ' என்றிருந்தால், அது 13ஆம் தலைமுறை ஐ5-1335யூ-வின் நெருங்கிய உறவு. 10 கோர், 12 த்ரெட் என எண்ணிக்கைகூட மாறவில்லை. பெயருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். 'என்100' என்பது நான்கு உதவியாளர்கள் மட்டும் இருக்கும் சமையலறை. டைப் செய்யவும் மெயில் பார்க்கவும் சரி. ஸ்நாப்டிராகன் லேப்டாப்புகளில் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் வீட்டில் பழைய பிரின்டர், ஸ்கேனர் இருந்தால் அவற்றுக்கு ஆர்ம் டிரைவர் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன் லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியூ-வைக் கிளிக் செய்தால் பிராசசரின் முழுப்பெயர், கோர் எண்ணிக்கை, 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' என்ற தலைப்பில் த்ரெட் எண்ணிக்கை எல்லாம் தெரியும். பில்லிலும் 'ஐ3 லேப்டாப்' என்று எழுதவிடாமல், முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

சித்தப்பாவுக்கு அந்தக் கடையில் அட்வான்ஸைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அதே கடையின் ஐ3-க்குக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அரை மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தார். இப்போது அவள் விண்டோஸ் 11-ல் டேலி பழகிக்கொண்டிருக்கிறாள்.