பதினேழு கல், ஒரு சாவி

திண்டுக்கல்லில் சாவி என்றால் எல்லாருக்கும் பூட்டுதான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வாட்சைக் கழற்றுவார். காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "சாவி கொடுக்கணும்" என்பார். குமிழை இரண்டு விரலில் பிடித்து முன்னும் பின்னும் உருட்டுவார். கர்... கர்... என்று இருபத்தைந்து, முப்பது தடவை. விரலில் இறுக்கம் தட்டியதும் நிறுத்திவிடுவார். கூட ஒரு சுற்றுத் திருகிப் பார்க்க எங்களுக்கு ஆசை. தொடவிட மாட்டார்.

அது எச்.எம்.டி. ஜனதா. அவர் போனபின் பீரோவில் பன்னிரண்டு வருடம் கிடந்தது. போன மாதம் எடுத்துச் சாவி கொடுத்தேன். பத்து நிமிடம் ஓடி நின்றது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். ஓர் ஆள் உட்காரவும் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கவும் மட்டுமே இடமுள்ள கடை. பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"பூட்டுல அஞ்சு லீவர், ஏழு லீவர்னு போடுறாங்கள்ல தம்பி? இதுல ஒரே லீவருதான். ஆனா ஒரு நாளைக்கு நாலு லட்சத்துச் சொச்சம் தடவை அடிக்கும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து வாட்ச்களில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 தடவை அடிப்பவை. விநாடிக்கு ஐந்து, நாளுக்கு 4,32,000.

பூட்டுக்காரர்கள் ஊரில் இருந்துகொண்டு வாட்சைப் பற்றி எழுத எனக்குக் கூச்சம் இல்லை. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கடிகாரத்தை முதலில் செய்தவர்களில் ஒருவர் என்று சொல்லப்படும் பீட்டர் ஹென்லைன், ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பூட்டுத் தொழில் செய்தவர்தான். 1500-களின் தொடக்கத்தில் வில்லும் அரமும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளும் பழகிய கை பூட்டுக்காரன் கைதான். நாகல் நகரிலோ நல்லாம்பட்டியிலோ பித்தளை லீவரை அரத்தால் ராவிக்கொண்டிருப்பவர் அவருக்குத் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். நம் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பக்கத்திலேயே ஒரு கடிகாரப் பட்டறையும் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஒரு வீண் ஏக்கம்.

'லீவர்' என்ற சொல் மட்டும் இரண்டுக்கும் பொது அல்ல, வேலையும் கிட்டத்தட்ட ஒன்றே. லீவர் பூட்டில், சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அளவான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நகராது. வாட்சில் லீவர், ஓட நினைக்கும் சக்கரத்தின் பல்லைப் பிடித்து நிறுத்துகிறது. பிறகு விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. பிடித்து நிறுத்தும் அந்த நிலைக்குக் கடிகாரத் தொழிலில் பெயரே 'லாக்'தான். வாட்சுக்கு லீவரைக் கொண்டுவந்தவர் லண்டனின் தாமஸ் மட்ஜ், 1750-களில். ராபர்ட் பாரன் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1778-ல், அதே இங்கிலாந்தில். ஒரு தலைமுறைக்குள் இரண்டும் வந்துவிட்டன.

உள்ளே நடப்பது இதுதான். சாவி கொடுக்கும்போது நாம் இறுக்குவது ஒரு சுருள் வில்லை. அது கண்மாய் மாதிரி, ஒரே மூச்சில் நிரம்பும். அப்படியே திறந்துவிட்டால் சக்கரமெல்லாம் சில விநாடியில் சுழன்று தீர்ந்துவிடும். மடை வேண்டும். லீவர்தான் மடையைத் திறந்து மூடும் மடையன். வசவாக அல்ல, மடை திறப்பவன் என்ற பொருளில்தான் சொல்கிறேன். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அவனுக்குச் சொல்வது பேலன்ஸ் சக்கரம். முடியைப் போல மெல்லிய ஒரு சுருள், அதுதான் ஹேர்ஸ்பிரிங், சக்கரத்தை இப்படியும் அப்படியும் இழுத்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். நேரம் என்று வாட்சில் ஏதாவது இருந்தால் அது இந்தச் சக்கரத்தின் ஆட்டத்தில்தான் இருக்கிறது. முள்ளும் டயலும் அந்த ஆட்டத்தை எண்ணிக் காட்டுபவை, அவ்வளவே.

நல்ல வாட்ச், மட்டமான வாட்ச் என்ற பேச்சு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சாவி முழுசாக இருக்கும்போதும் தீரப்போகும்போதும் ஆட்டம் ஒரே நேரம் எடுக்க வேண்டும். மேஜையில் படுத்திருந்தாலும் கையில் தொங்கினாலும் மாறக் கூடாது. நடைமுறையில் மாறும். எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதற்குத்தான் விலை, அல்லது அதற்குத்தான் விலை இருந்திருக்க வேண்டும்.

ரிப்பேர்காரர் இடுக்கியால் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினார். "கல்லு. மொத்தம் பதினேழு." தாத்தா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார், ஏதோ பதினேழு மாணிக்கத்தைக் கையில் கட்டியிருப்பது போல. மாணிக்கம்தான், ஆனால் செயற்கை மாணிக்கம். பிரான்சின் அகஸ்த் வெர்னூயி 1902-ல் வெளியிட்ட முறைப்படி உலையில் சொட்டுச் சொட்டாக வளர்த்தது. வைரத்துக்கு அடுத்த கடினம். உருக்கு அச்சு அதன்மேல் வருடக்கணக்கில் சுழன்றாலும் தேயாது, எண்ணெயும் வழிந்து ஓடாமல் நிற்கும். பதினேழு ஏன்? பேலன்ஸுக்கு மேலும் கீழுமாக நாலு, அதைத் தள்ளும் முளைக்கு ஒன்று, லீவரின் இரண்டு நகங்கள், அதன் அச்சுக்கு இரண்டு, மீதி நாலு சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக எட்டு. கையால் சாவி கொடுக்கும் சாதாரண வாட்சுக்கு அதற்குமேல் தேவை இல்லை. 1960-களில் நூறு கல் வாட்ச்கூட விற்றார்கள். அதில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருந்த கல். தோசையில் முந்திரி மாதிரி.

வெயிலைப் பற்றிப் பேசாமல் திண்டுக்கல்லில் வாட்சைப் பற்றிப் பேச முடியாது. சாதாரண உருக்கில் செய்த ஹேர்ஸ்பிரிங் சூட்டில் தளரும். தளர்ந்தால் ஆட்டம் மெதுவாகும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 விநாடி பின்தங்கும். நம் ஊரில் 36 டிகிரியில் சரிபார்த்து வைத்த அப்படியொரு வாட்சைக் கொடைக்கானலில் 16 டிகிரி அறையில் வைத்தால் ஒரே நாளில் மூன்று நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். பித்தளையும் உருக்கும் வெவ்வேறு அளவில் விரிவதை வைத்துப் பேலன்ஸ் சக்கரத்தையே இரண்டு உலோகத்தில் செய்து பல காலம் சமாளித்தார்கள். பிறகு வந்தவர் ஷார்ல் எதுவார் கியோம், சுவிஸ் கடிகாரக்காரர் குடும்பத்துப் பிள்ளை. நிக்கலும் இரும்பும் ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்தால் சூட்டுக்கு ஏறக்குறைய விரியவே விரியாத கலவை கிடைப்பதை 1896-ல் கண்டார். அடுத்து, சூடேறினாலும் விறைப்பு மாறாத கலவையையும் செய்தார். 1920-ல் அவருக்கு இயற்பியல் நோபல். நம் கையில் கட்டும் ஹேர்ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கொடைக்கானல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்திலேயே அரிதான பழைய கடிகாரம் எது என்று கேட்டால், எந்தச் செட்டியார் வீட்டையும் மிராசு வீட்டையும் சொல்ல மாட்டேன். கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கும் ஷெல்டன் கடிகாரத்தைத்தான் சொல்வேன். லண்டன் ஜான் ஷெல்டன் செய்தது. 1769-ல் சூரியன்மேல் வெள்ளி கடப்பதைப் பார்க்கக் கேப்டன் குக் தாகித்திக்குப் போனபோது உடன் போனதும் ஷெல்டன் செய்த கடிகாரமே. நம்முடையது 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய சென்னை வானாய்வகத்தின் சொத்து. 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வந்தபின் மலையேறியது. ஊசலின் தண்டு உருக்கு மட்டும் என்றால், 20 டிகிரி கூடும்போது அது நீண்டு நாளொன்றுக்குச் சுமார் 10 விநாடி தவறும். வானியலுக்கு அது ஆகாது. அதனால் அந்த வகைக் கடிகாரங்களில் பித்தளைத் தண்டையும் உருக்குத் தண்டையும் கம்பிக் கிராதி போல அடுக்கினார்கள். ஒன்று கீழே நீண்டால் மற்றது மேலே தூக்கும். தங்கம் இல்லை, வைரம் இல்லை. அந்தக் கடிகாரத்தின் பெருமையெல்லாம் அந்தக் கிராதியில் இருக்கிறது.

ஏல விலைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவதற்கு இதுதான் காரணம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய ரூபாயில் நூறு கோடிக்கு மேல். உள்ளே ஓடுவது ரோலெக்ஸ் சொந்தமாகச் செய்த இயந்திரம்கூட இல்லை. வால்ஜூ என்ற சுவிஸ் நிறுவனத்திடம் வாங்கித் திருத்திப் போட்டது. அதே வால்ஜூ குடும்ப இயந்திரம் ஹோயர் காரெராவிலும் ஓடியது. நல்ல இயந்திரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நூறு கோடி கொடுத்தது அதற்கல்ல. நடிகரின் கைக்கும், விற்ற காலத்தில் யாரும் சீந்தாத ஒரு டயலுக்கும் கொடுத்தது. மறுபக்கம், பட்டேக் ஃபிலிப் 1933-ல் அமெரிக்க வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்குச் செய்து கொடுத்த பாக்கெட் கடிகாரம் இருக்கிறது. அதில் 920 பாகங்கள், 24 விதச் சிறப்பு வேலைகள். 2014-ல் ஜெனீவாவில் 2 கோடியே 32 லட்சம் ஃபிராங்குக்குப் போனது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி மூடிக்குள்ளேதான் இருக்கிறது என்று நம்பலாம்.

மெருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்ந்த வாட்சைத் திறந்தால் தகடுகளின் விளிம்பெல்லாம் சரிவாக ராவிப் பளபளவென்று இருக்கும். திருகுகளை 300 டிகிரி அளவில் சுடவைத்து நீலம் ஏற்றியிருப்பார்கள். உருக்குத் துண்டைத் தகரப் பலகையில் தேய்த்துத் தேய்த்து, ஒரு கோணத்தில் பார்த்தால் கன்னங்கரேல் என்று தெரியும்படி மெருகேற்றுவதும் உண்டு. இதில் பாதி கண்ணுக்கு. மீதிப் பாதி என்ன என்று பூட்டுப் பட்டறையில் கேட்டால் சொல்வார்கள். லீவர் விளிம்பில் பிசிறு இருந்தால் சாவி பிடித்துப் பிடித்துத் திரும்பும். வாட்சில் அந்தப் பிசிறு உதிர்ந்து எண்ணெயில் விழுந்தால் அரப்பொடி போல அச்சைத் தின்றுவிடும்.

ஜனதாவில் அந்த அலங்காரம் எதுவும் இல்லை. மேல்தகடு சாதாரணத் தகடு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் ஆலை தொடங்கியது 1961-ல். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் என்ற வழக்கத்தை ஊரூராகக் காப்பாற்றியது அந்த ஆலை. பிறகு ஓசூரிலிருந்து டைட்டன், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்களோடு வந்தது. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

ரிப்பேர்காரர் பேலன்ஸைக் கழற்றி எடுத்தார். ஹேர்ஸ்பிரிங் அதன் அடியில் தொங்கி, மூச்சுக்காற்றுக்கே ஆடியது. "எண்ணெய் காஞ்சு பசையாயிருச்சு. வேற ஒண்ணுமில்ல." கழுவி, எண்ணெய் விட்டு, நாலு நாள் கழித்துக் கொடுத்தார். செல்போனை வாட்சுக்குப் பக்கத்தில் வைத்து, அதிலுள்ள செயலியை வாட்ச் அடிப்பதைக் கேட்கவிட்டார். டயல் மேலே பார்க்க வைத்தால் நாளுக்கு 9 விநாடி முந்துகிறது. குமிழ் கீழே பார்க்க நிறுத்தினால் 14 விநாடி பிந்துகிறது. சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம். 15 நாள், ஐந்து நிலைகள், 8, 23, 38 டிகிரி என்று மூன்று சூடுகள். 38 அவர்களுக்குச் சோதனை, நமக்குச் சித்திரை மாதம். ஜனதா அந்தப் பரீட்சையில் தேறாது. ஆனால் ஒரு நாளில் 86,400 விநாடி. 14 விநாடி தவறு என்றால் பத்தாயிரத்தில் இரண்டுகூட இல்லை.

கொஞ்சம் தைரியம் வந்து, பையிலிருந்த இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தேன். இணையத்தில் ஒருவரிடம் 'அரிய பழைய சுவிஸ்' என்று வாங்கியது. பளபளக்கும் சிவப்பு டயல். அவர் திறக்கவே இல்லை, டயலை மட்டும் லென்ஸில் பார்த்தார்.

"பெயிண்ட் புதுசு. எழுத்து கோணலா இருக்கு பாருங்க. உள்ள ஒரு வாட்சு சக்கரமும் இன்னொரு வாட்சு தகடுமா இருக்கும்."

திறந்தபின் அப்படியேதான் இருந்தது. பேலன்ஸின் மேல் கல்லையும் காணோம்.

"ஜனதா டயலும் புள்ளி விழுந்திருக்கே அண்ணே, அதையும் புதுசாக்கிரலாமா?" என்று கேட்டேன்.

"அதத் தொடாதீங்க" என்றார். "அப்புறம், சாவிய ராத்திரி கொடுக்காதீங்க. காலையில கொடுங்க. கையில கட்டி அலையுற நேரத்துல வில்லு இறுக்கமா இருக்கணும்."

தாத்தா நாற்பது வருடம் ராத்திரிதான் கொடுத்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்தவரின் வாட்சைத் திறந்திருந்தார்.